முன்பணம் கொடுப்பதற்கு முன் ஊரிடம் தேதி கேளுங்கள்

பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்களும் பக்கத்து ஊர் மக்களும் ஒரு நாள் ஒன்றாக உட்கார்ந்து பேசிச் சாப்பிட வேண்டும் என்று யாராவது திட்டம் போட்டுக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டுப் பிறகு முன்பணம் கொடுங்கள். தை மாதக் கடைசியில் அப்படி ஒரு கூடலுக்கு ஏற்பாடு செய்யப் போய் என் கையிலிருந்து 17,500 ரூபாய் போனது. உதவித்தொகையில் காலம் தள்ளும் ஆய்வு மாணவிக்கு அது சின்னத் தொகை இல்லை. பணத்தோடு தூக்கமும் போனது, ஆய்வேட்டின் ஓர் இயலைச் சமர்ப்பிப்பதும் ஒரு பருவம் தள்ளிப்போனது. எனக்கு முன்னால் இந்த வேலையை இழுத்துப்போட்டுச் செய்தவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்கள் பட்டதை எங்கேயாவது எழுதி வைத்திருந்தால் எனக்கு எவ்வளவோ உதவியிருக்கும்.

இடம் காலாப்பட்டு. புதுச்சேரியிலிருந்து ஈசிஆரில் வடக்கே வந்தால் முத்தியால்பேட்டை தாண்டியதும் கோட்டக்குப்பம். அங்கிருந்து பொம்மையார்பாளையம் வரை தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். அதைக் கடந்தால் மறுபடியும் புதுச்சேரி. இந்தத் துண்டு நிலத்தில்தான் 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பொறியியல் கல்லூரியாக இருந்து 2020இல் தரம் உயர்ந்த தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், சட்டக் கல்லூரியும், மருத்துவக் கல்லூரியும், மத்தியச் சிறையும் இங்கேதான். ரோட்டுக்குக் கிழக்கே, கடலை ஒட்டி மீனவ ஊர்கள். நான் படிப்பது எங்கே, அந்த ஊர் எது என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

நான் கரூர்ப் பக்கம். கடலைத் தினமும் பார்ப்பதே இங்கு வந்த பிறகுதான். விடுதியில் என்னோடு இருப்பவர்கள் கேரளா, ஒடிசா, அசாம் என்று பல ஊர்க்காரர்கள். வருஷக்கணக்கில் இங்கேயே இருக்கிறோம். ஆனால் டீக்கடை, பரோட்டாக் கடை, ஷேர் ஆட்டோ இதைத் தாண்டி உள்ளூர் மனிதர் ஒருவரையும் எங்களுக்குத் தெரியாது. ரோட்டோரம் மீன் விற்கும் ஒரு அக்கா ஒரு நாள் என்னிடம் கேட்டார்: "உள்ள என்னதாம்மா நடக்குது? எதுத்தாப்புல இருக்குற எங்களுக்கு ஒண்ணும் தெரியலியே." எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அன்று ராத்திரியே நாலு பேர் உட்கார்ந்து பேசினோம். பொங்கல் முடிந்த கையோடு ஊர்த் திடலில் ஒரு மாலை: பந்தல், மைக், எங்கள் பிள்ளைகளின் ஆட்டம் பாட்டு, ஊர்ப் பிள்ளைகளுக்குப் போட்டி, எல்லோருக்கும் சாப்பாடு. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

கூட இருந்தவர்களுக்கு ஒருவர் பின் ஒருவராகத் தேர்வு, களப்பணி, வீட்டுக் கல்யாணம் என்று வேலை வந்தது. கடைசியில் எல்லாம் என் தலையில் விழுந்தது. பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி எல்லாம் சேர்த்துத் தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு கடையில் பேசி 20,000 ரூபாய் முன்பணம் அனுப்பினேன். சமையல் மாஸ்டருக்கு 6,000. அழைப்பிதழும் பேனரும் 3,500. விடுதிப் பிள்ளைகள் பிறகு பங்கு போட்டுத் தருவதாகப் பேச்சு.

மைக் செட்டுக்கு அனுமதி கேட்டு காவல் நிலையத்துக்குப் போனபோதுதான் வேலையின் உண்மையான வரிசை எனக்குத் தெரிந்தது. ஒலி மாசு விதிகள் 2000இலிருந்து நடைமுறையில் இருக்கின்றன. அதன்படி எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. திறந்தவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை பொதுவாகக் கிடையவே கிடையாது. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக இருக்கலாம். காலாப்பட்டு மாதிரி இடத்தில் எங்கே திரும்பினாலும் இந்த மூன்றில் ஒன்று அருகில் இருக்கும், அதனால் இடத்தை முடிவு செய்யும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். இன்னொன்று, நிகழ்ச்சி நடக்கிற இடம் புதுச்சேரியா தமிழ்நாடா என்று பார்த்துக்கொண்டு போங்கள். ஒரு கிலோமீட்டர் தள்ளினால் நிலையம் மாறும், மாநிலமே மாறும்.

அந்த நிலையத்தில் கேட்ட முதல் கேள்வி, "ஊர்ப் பஞ்சாயத்தார் லெட்டர் இருக்கா?" நியாயமான கேள்வி. வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968க்குப் பிறகு 2006இல்தான் நடந்தது. அந்தப் பதவிக்காலமும் முடிந்து பல வருஷமாகிவிட்டது. கவுன்சிலரைப் பார்த்துப் பேசலாம் என்று நினைத்தால் ஆள் கிடையாது. மீனவ ஊர்களில் முடிவெடுப்பது ஊரே தேர்ந்தெடுத்த பஞ்சாயத்தார்தான். கோயில் திருவிழா, கடலுக்குப் போகாத நாள், வழக்கு, வாய்த்தகராறு எல்லாம் அவர்கள் பேச்சில்தான் முடியும். நான் போனபோது மரியாதையாக உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, கடிதமும் கொடுத்தார்கள். ஆனால் தேதி, இடம், சாப்பாடு எல்லாம் முடிவான பிறகு போய் நின்றவளிடம் அவர்கள் வேறென்ன பேச முடியும்? ஊருக்கு அது யாரோ நடத்தும் நிகழ்ச்சி.

நிகழ்ச்சி நாளன்று விடிகாலையில் ஊரில் ஒரு பெரியவர் இறந்துபோனார். வயதானவர், எல்லோருக்கும் சொந்தம். ஊரில் யாரும் கடலுக்குப் போகவில்லை. திடலில் பந்தல் கால் நட்டாகிவிட்டது, நாற்காலி வண்டி வந்து நிற்கிறது. பஞ்சாயத்தாரில் ஒருவர் போன் செய்து, "தப்பா நெனச்சுக்காதம்மா, இன்னிக்கு முடியாது" என்றார். அவர் என்னிடம் அப்படிச் சொல்லவே வேண்டியதில்லை. ஒரு மாதமாக ஆட்டம் பழகிய பிள்ளைகளிடம் சொன்னபோது ஒன்றிரண்டு பேர் அழுதுவிட்டார்கள். எனக்குத் துக்கத்தைவிட முதலில் வந்தது ஆத்திரம். யார் மேல் என்றே தெரியாத ஆத்திரம். பந்தல்காரர் பிரித்து ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது மீதிப் பணமும் வேண்டும் என்றார். இறக்கவே இறக்காத மைக் செட்டுக்கும் வாடகை. ரோட்டோரம் நின்று அவரோடு பேசிப் பேசித் தொண்டை கட்டியது.

மத்தியானம் அந்த மீன்கார அக்கா தற்செயலாகக் கண்ணில் பட்டார். "சாவு வீட்டுக்கு வரலியா?" என்று சாதாரணமாகக் கேட்டார். எங்கள் ஊர்ப் பக்கமும் அப்படித்தான், கல்யாணத்துக்குப் போகாவிட்டாலும் துக்கத்துக்குப் போய் நிற்க வேண்டும். விடுதியில் இருந்த இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, ஒரு மாலை வாங்கிக்கொண்டு போனேன். யாரும் எங்களைத் தனியாகக் கவனிக்கவில்லை. ஒரு அம்மா நகர்ந்து உட்கார இடம் கொடுத்தார். பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். அசாம்காரத் தோழிக்கு ஒரு வார்த்தை தமிழ் புரியாது. பக்கத்தில் அழுத கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். பிறகு கருமாதிக்கு எங்களுக்கும் சொல்லி அனுப்பினார்கள். அந்த ஊரில் எனக்குப் பெயர் கிடைத்தது அப்போதுதான். அதுவரை "யூனிவர்சிட்டி பொண்ணு", அதற்குப் பிறகு "துக்கத்துக்கு வந்துச்சே, அந்தப் புள்ள."

பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இது பலருக்கு உதவும். சமையல் மாஸ்டர் நல்ல மனிதர். காய்கறி வாங்கிய செலவு போக 4,000 ரூபாயைத் தானாகவே திருப்பிக் கொடுத்தார். பந்தல்காரர் போனையே எடுக்கவில்லை. ரசீது கிடையாது, ஆனால் பணம் ஜிபேயில் போயிருந்தது, பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில் இருந்தது. கடை வேறு மாநிலத்தில் இருப்பதால் ஒன்றும் செய்ய முடியாது என்று பலர் சொன்னார்கள். அது சரியில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் தான் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிட்டுப் புகாரைப் பதியலாம். நான் பதிந்து, அந்தப் புகார் எண்ணை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சண்டை போடும் தொனியே இல்லாமல், வராத மைக் செட்டுக்கு மட்டும் பணம் கேட்டேன். 8,000 ரூபாய் வந்தது. பந்தல் கட்டிப் பிரித்தவர்களின் கூலி நியாயமானது, அதற்கு மேல் நான் இழுக்கவில்லை. பிள்ளைகள் தருவதாகச் சொன்ன பங்கை, நடக்காத நிகழ்ச்சிக்காகக் கேட்க மனசு வரவில்லை. அதனால் மிச்சம் முழுவதும் என் தலையில்.

ஆகவே முன்பணம் கொடுக்கும்போது மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள். பந்தல், நாற்காலி, மைக், ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக விலை எழுதி வாங்குங்கள். மழை, சாவு, அனுமதி மறுப்பு இந்த மூன்றில் எது வந்தாலும் எவ்வளவு திரும்பும் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் கேட்டு, அவர் 'சரி' என்று பதில் போடும்வரை பணம் அனுப்ப வேண்டாம். பிள்ளைகளின் பங்கை முதலிலேயே வாங்கிவிடுங்கள். கணக்கு இரண்டு பேர் பெயரில் இருக்கட்டும். ஒரு ஆள் சட்டைப்பையிலிருந்து நடத்துகிற விழா அந்த ஆளைத்தான் முதலில் உடைக்கும்.

கருமாதி முடிந்து கொஞ்ச நாளில் பஞ்சாயத்தாரில் ஒரு பெரியவர் கூப்பிட்டார். "அந்த விசேஷத்த வைக்கலாம்மா, மாசிமகம் முடியட்டும்" என்றார். தேதியும் அவர்களே சொன்னார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்போது வைத்தால் எல்லோரும் ஓய்வாக இருப்பார்களே என்று நான் நினைத்திருந்தேன். இல்லை என்றார் அவர். அது விசைப்படகுகளுக்குத்தான், கட்டுமரத்துக்கும் நாட்டுப்படகுக்கும் இல்லை. அதோடு பெரிய படகுக்குக் கூலிக்குப் போகிறவர்களுக்கு அது வருமானம் இல்லாத காலம், விருந்து வைக்கிற காலம் இல்லை. எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? பங்குனித் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, மாலை நாலு மணி என்று முடிவானது. நாலு மணி ஏன் என்றால், ஆண்கள் விடியுமுன் கடலுக்குப் போய்க் காலையில் திரும்பி வலையைப் பார்த்துவிட்டுத் தூங்கி எழ வேண்டும். பெண்கள் டவுன் மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப வேண்டும். ஏழு மணிக்கு மேல் போனால் மறுநாள் தொழில் கெடும். நான் முன்பு அச்சடித்த அழைப்பிதழில் இருந்த நேரம் மாலை 6:30.

இந்த முறை பந்தலே இல்லை. வலை பின்னும் கூடத்தில் உட்கார்ந்தோம். மைக் வேண்டாம் என்றும் அவர்களே சொல்லிவிட்டார்கள். அரிசி, எண்ணெய் எங்கள் செலவு, மீனும் சமையலும் ஊர்ப் பெண்கள். ஒடிசா பிள்ளைகள் ஒரு இனிப்பு செய்துகொண்டு வந்தார்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனி அடுப்பில் சாம்பார், அதையும் கேட்காமலே வைத்திருந்தார்கள். என் பங்கு செலவு முதல் தடவையின் கால்வாசிகூட இல்லை.

கூட்டம் சேர்ந்த உடனே ஒரு அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "ஃபார்ம் எடுத்தாந்திருக்கியாம்மா?" 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் யார் யாரோ வந்து கேள்வித்தாளோடு உட்கார்ந்து போயிருக்கிறார்கள். எத்தனை பேர் வீட்டில், எவ்வளவு வருமானம், படகு போச்சா, யார் செத்தார்கள். வளாகத்திலிருந்து ஆள் வந்தால் கணக்கெடுக்க வந்திருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். இல்லை, சாப்பிடத்தான் வந்தோம் என்றேன். தயவுசெய்து இதை ஒரு கட்டளை மாதிரியே எடுத்துக்கொள்ளுங்கள்: இப்படிப்பட்ட கூடலில் நோட்டு, கேள்வித்தாள், ரெக்கார்டர் எதுவும் வேண்டாம். உங்கள் ஆய்வுக்கு அந்த ஊர் தேவைப்பட்டாலும் அதை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். போட்டோவும் கேட்டுவிட்டு எடுங்கள், பெண்களிடம் இரண்டு தடவை கேளுங்கள்.

முதலில் எங்கள் பிள்ளைகள் ஒரு பக்கம், ஊர்க்காரர்கள் ஒரு பக்கம் என்றுதான் உட்கார்ந்தார்கள். அறிமுகம், பேச்சு என்று எதையும் நாங்கள் வைக்கவில்லை. ஒரு தாத்தா கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு கிழிசலை முடிந்துகொண்டிருந்தார். கையில் பிளாஸ்டிக் வலை ஊசி, அதில் பச்சை நைலான் நூல் சுற்றியிருந்தது. ஊசி கண்ணிக்குள் போய் வெளியே வந்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு நொடி கிள்ளிப் பிடிக்கும், முடிச்சு விழும். அசாம்காரத் தோழி எதிரில் போய் உட்கார்ந்து கையை நீட்டினாள். அவள் ஊரும் ஆற்றோரம், வீட்டில் வலை உண்டாம். ஊசியை வாங்கி அவள் போட்ட முடிச்சைத் தாத்தா இழுத்துப் பார்த்தார், நிற்கிறது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் நிமிரவே இல்லை, சுற்றிச் சின்னப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள்.

இன்னொரு பக்கம் கடல் அரிப்பு பற்றிப் பேச்சு. ஒருவர் கையை நீட்டி, "அந்தப் பாறை கொட்டிக் கெடக்குதே, அதுக்கும் அந்தாண்ட எங்க வீடு இருந்துச்சு" என்று காட்டினார். புவியியல் துறைப் பையன் ஒருவன் தரையில் கோடு போட்டு விளக்கினான். இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் அந்த மணலைத் தெற்கிலேயே நிறுத்திவிட்டன, அதனால் வடக்கில் இருக்கும் ஊர்களைக் கடல் தின்கிறது. கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் திருத்தினார். கோட்டக்குப்பத்தில் கல் கொட்டிய பிறகு எந்தப் பக்கம் அதிகமாக அடித்தது, ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றில் மணல் எப்படித் திரும்பி ஓடும் என்று சொன்னார். பையன் கோட்டை அழித்து மறுபடி போட்டான். அவன் படித்ததும் அவர் பார்த்ததும் ஒரே கரையைப் பற்றியது, யார் யாருக்கும் பாடம் நடத்தவில்லை. கலை நிகழ்ச்சி போட்டிருந்தால் இது கிடைத்திருக்காது. இரண்டு பக்கத்துக்கும் கொஞ்சம் தெரிந்த ஒரு விஷயத்தைச் சுற்றி ஆட்களை உட்கார வையுங்கள், பேச்சு தானாக வரும். மொழிதான் இடைஞ்சல் என்றால், தமிழ் தெரிந்த ஒரு ஆளை நாலு ஐந்து பேருக்கு ஒருவராகப் பிரித்து உட்கார வைத்தால் போதும்.

கஷ்டமான கேள்விகளும் வரும், தயாராகப் போங்கள். "எங்க புள்ளைக்கு உள்ள ஒரு வேலை வாங்கிக் குடுப்பியா?" "இங்கயே பொறந்த புள்ளைக்கு ஏன் சீட்டு இல்ல?" புதுவைப் பல்கலைக்கழகத்தில் சில பாடப்பிரிவுகளில் மட்டும் புதுச்சேரி மாணவர்களுக்கு 25 சதவீத இடம் இருக்கிறது. எல்லாப் பாடத்துக்கும் வேண்டும் என்பது இங்கே நெடுநாள் கோரிக்கை. ஒரு மாணவியால் அதற்குப் பதில் சொல்ல முடியாது, சொல்வதாக நடிக்கவும் கூடாது. என்னால் முடிந்ததை மட்டும் சொன்னேன். 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழக இளநிலைப் படிப்புகளுக்கு க்யூட் (CUET) என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதற்கு விண்ணப்பம் பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ரிசல்ட் வந்த பிறகு கேட்டுக்கு வந்து நிற்கிற பிள்ளைகளுக்கு அந்த வருஷம் போனது போனதுதான். கூடத்தில் இருந்த பிளஸ் டூ பிள்ளைகளில் பலருக்கு அப்படி ஒரு தேர்வு இருப்பதே தெரியவில்லை. நாங்கள் உள்ளே தினமும் பேசுகிற விஷயம், ரோட்டைத் தாண்டி வரவில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது.

மறுநாளே ஒரு லேப்டாப்பும் டேட்டாவுமாக இரண்டு பேர் கூடத்தில் போய் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டுக் கொடுத்தார்கள். போட்டோ, கையெழுத்து ஸ்கேன், சாதிச் சான்றிதழ், ஆன்லைனில் கட்டணம் கட்ட ஒரு ஆள், இவ்வளவுதான் தடை. இதைச் செய்ய நினைப்பவர்கள் அந்த வருஷத்து விண்ணப்பத் தேதியைப் பார்த்து, அதற்கு முன்பே கூடலை வைத்துக்கொண்டால் அவகாசம் இருக்கும். எங்களுக்குக் கடைசி நாள் நெருங்கிவிட்டது, சான்றிதழ் கையில் இல்லாத சில பிள்ளைகளுக்குப் போட முடியவில்லை. அடுத்த வருஷத்துக்கு அந்தப் பிள்ளைகளின் பெயரை மீன்கார அக்காவே ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். சான்றிதழுக்கு தாலுகா ஆபீசுக்கு எப்போது போக வேண்டும் என்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்.